தரையில் வழி அறிதல்

கடலோடிகள் நடுக்கடலில் எழும் அலையைக் காட்டிலும் கரையருகே அலை முறியும் இடத்துக்கே அதிகமாக அஞ்சுவார்கள் என்பது நெய்தல் நிலத்தில் பிறந்தவர்கள் அனைவரும் அறிந்த செய்தி. ஆழத்தில் மரக்கலம் தனக்குரிய ஸ்தானத்தில் இருக்கிறது. கரையை நெருங்கும்போதுதான் மணல் திட்டும் பாறையும் பிற கலங்களும் நாற்புறமும் நெருக்க, தன் இயல்புக்கு ஒவ்வாத இடத்தில் அது அகப்பட்டுக்கொள்கிறது. ஆகாய விமானத்தின் நிலையும் இதுவே. விமான அபாயம் என்றதும் நம் மனம் மேகத்தையும் புயலையும் இயந்திரக் கோளாற்றையும் எண்ணி வானத்தையே நோக்குகிறது. ஆனால் விமானப் போக்குவரத்தின் சரித்திரத்தில் மிக அதிகமான உயிர்களைப் பலி கொண்ட விபத்து தரையின் மேல் நிகழ்ந்தது. 1977 மார்ச் 27 அன்று, கானரித் தீவுகளில் ஒன்றான டெனெரீஃபின் லாஸ் ரோடியோஸ் விமான நிலையத்தில், மூடுபனியின் நடுவே ஒரு விமானம் தான் விலக வேண்டிய கிளைப்பாதையைத் தேடி ஓடுபாதையிலேயே ஊர்ந்துகொண்டிருக்க, மற்றொரு விமானம் அனுமதி பெறாமலே அதே பாதையில் மேலெழ ஓடி வந்து மோதியதில் 583 பேர் மாண்டார்கள். ஆகவே, வானில் பறக்கும் வித்தையை விளக்க முற்பட்ட இந்நூலில், அவ்வித்தையின் மிக எளிய பகுதி என்று பலரும் கருதும் தரைவழி நகர்வுக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்குவது மிகையாகாது.

தொடக்க காலத்து விமானிகளுக்கு இந்தச் சங்கடம் இருந்ததில்லை. அக்காலத்து விமான நிலையம் என்பது ஒரு விசாலமான புல்வெளி. அதன் ஓரத்தில் ஒரு கொட்டகை. கொட்டகையின் மேல் காற்றின் திசையைக் காட்டும் ஒரு துணிப்பை. விமானி தன் யந்திரத்தைக் காற்றுக்கு எதிர்முகமாகத் திருப்பி, எந்த இடத்தில் நிற்கிறானோ அந்த இடத்திலிருந்தே எழும்பிவிடலாம். விமானங்கள் கனத்தபோது புல்லும் மண்ணும் அவற்றின் பாரத்தைத் தாங்கவில்லை. கெட்டியான ஓடுபாதைகள் தோன்றின. ஓடுபாதைகளுக்கும் விமானங்கள் நிற்கும் தளங்களுக்கும் இடையே 'டாக்ஸிவே' எனப்படும் இணைப்புப் பாதைகள் தோன்றின. ஒரு பாதை இரண்டாகி, இரண்டு நான்காகி, கிளைகளும் குறுக்குகளுமாக ஒரு நகரத்தின் தெருக்களைப் போல் பெருகின. மூன்று பரிமாணங்களிலும் சுதந்திரமாகச் சஞ்சரித்த பறவை, தெரு முனையில் எந்தப் பக்கம் திரும்புவது என்று யோசிக்க வேண்டிய வண்டியாயிற்று.

அந்த வண்டியும் சிறந்த வண்டி அன்று. உலகில் வேறெந்த விமானத்தையும்விட அதிக எண்ணிக்கையில் தயாரிக்கப்பட்டதும், 1956 முதல் எத்தனையோ மாணவர்களுக்கு ஆசானாக விளங்கியதுமான செஸ்னா 172 என்னும் சிறு விமானத்தை எடுத்துக்கொள்வோம். நான்கு பேர் அமரக்கூடிய இதன் இறக்கைகள் முனைக்கு முனை 11 மீட்டர் விரிந்திருக்கின்றன. மோட்டார் வண்டி ஓட்டிப் பழகிய ஒருவர் முதல் நாள் இதில் அமர்ந்து, தளத்தை விட்டு மெல்ல நகரும்போது, வண்டி இடப்புறம் ஒதுங்குவதைக் கண்டு கையிலுள்ள சக்கரப்பிடியை வலப்புறம் திருப்புகிறார். விமானமோ அதைச் சட்டை செய்யாமல் மேலும் இடப்புறமே செல்கிறது. அவர் இன்னும் பலமாகத் திருப்புகிறார். பக்கத்தில் இருக்கும் ஆசிரியர், கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளும்படி நிதானமாகச் சொல்கிறார். தரையில் இந்த விமானத்தைத் திருப்புவது கைகள் அல்ல, பாதங்களே. மூக்கின் கீழுள்ள சிறு சக்கரம் கால் மிதிகளோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. மிதியின் மேற்பகுதியை அழுத்தினால் அந்தப் பக்கத்துச் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் விழுகிறது. இருபது ஆண்டுகளாகக் கைகள் கற்ற பாடத்தை மறக்கவும், பாதங்கள் புதிய பாடம் ஒன்றைக் கற்கவும் சில மணி நேர அப்பியாசம் வேண்டியிருக்கிறது.

ஆனால் கைகளுக்கும் தரையில் வேலை இல்லாமற் போகவில்லை. ஏறக்குறைய 16 சதுர மீட்டர் பரப்புள்ள இறக்கை, விமானம் நகர்ந்தாலும் நின்றாலும், தன்மேல் வீசும் காற்றுக்கு ஈடுகொடுக்கவே செய்யும். அது காற்றில் எழும்புவதற்கென்றே உருவாக்கப்பட்டது அல்லவா? முன்பக்கமாக இடப்புறத்திலிருந்து காற்று வீசுமானால் விமானி சக்கரப்பிடியை இடப்புறம் திருப்பி வைக்கிறார். அப்போது இடது இறக்கையின் பின்விளிம்பிலுள்ள ஏலரான் என்னும் அசையும் மடல் மேலே எழுந்து, அவ்விறக்கையின் தூக்குவிசையைக் குறைக்கிறது. காற்று பின்பக்கமாக இடப்புறத்திலிருந்து வருமானால் இதற்கு நேர்மாறாக, பிடியை வலப்புறம் திருப்பி முன்னே தள்ளுகிறார். கீழிறங்கிய மடலின் முதுகில் பின்காற்று மோதி, இறக்கையைத் தரையோடு அழுத்துகிறது. முன்காற்றாயின் காற்றை நோக்கித் திரும்பு, பின்காற்றாயின் காற்றை விட்டு விலகு என்று இதைச் சுருக்கிச் சொல்லலாம். பாதை வளையுந்தோறும் காற்று வரும் பக்கமும் மாறுகிறது. ஆகவே ஒவ்வொரு திருப்பத்திலும் விமானி காற்றின் திசையை மறுபடியும் மனத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். பெரிய ஜெட் விமானத்தின் பின்னால் நகர நேர்ந்தால், அதன் இயந்திரங்கள் உமிழும் காற்று ஒரு சிறு விமானத்தைக் கவிழ்த்துவிடக் கூடும் என்பதை நினைவில் கொண்டு, தாராளமாக இடைவெளி விட வேண்டும். வேகத்தைப் பற்றியோ ஆசிரியர்கள் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவார்கள்: விரைந்து நடக்கும் மனிதனின் நடைக்கு மேல் போகாதே.

இனி, பாதைகளின் மொழியைக் கவனிப்போம். ஒரு பெரிய விமான நிலையத்தில் முதல் முறையாக இறங்குபவருக்குக் கண்ணெதிரே தெரிவது, எல்லையற்றதுபோல் விரிந்து கிடக்கும் சாம்பல் நிறத் தரையே. விமானியின் கண் செஸ்னாவில் தரையிலிருந்து ஓர் ஆள் உயரத்துக்குச் சற்று மேலே இருக்கிறது. அவ்வளவு தாழ்விலிருந்து நோக்கும்போது, வரைபடத்தில் தெளிவாகப் பிரிந்து நிற்கும் பாதைகள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க உலகமெங்கும் ஒரே விதமான வர்ண பாஷை ஒன்று வகுக்கப்பட்டிருக்கிறது. ஓடுபாதையின் மேல் வரையப்படும் கோடுகள் வெள்ளை. டாக்ஸிவேயின் கோடுகள் மஞ்சள். கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருந்தால், அது நீ நிற்கும் பாதையின் பெயர். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தும் அம்புக்குறியும் இருந்தால், அது நீ செல்லக்கூடிய பாதையின் திசை. சிவப்புப் பலகையில் வெள்ளை எழுத்து இருந்தால், அனுமதி இன்றி அதைத் தாண்டலாகாது. இரவில் டாக்ஸிவேயின் ஓரங்களில் நீல விளக்குகளும் நடுக்கோட்டில் பச்சை விளக்குகளும், ஓடுபாதையின் ஓரங்களில் வெள்ளை விளக்குகளும் எரிகின்றன; பாதையின் குறுக்கே வரிசையாகச் சிவப்பு விளக்குகள் எரிந்தால் அங்கே நின்றுவிட வேண்டும்.

இவை எல்லாவற்றிலும் முக்கியமானது, ஓடுபாதையைச் சேரும் ஒவ்வொரு வழியின் வாயிலிலும் வரையப்பட்டிருக்கும் நான்கு மஞ்சள் கோடுகள். அவற்றுள் இரண்டு முழுக்கோடுகள். இரண்டு விட்டுவிட்டு வரைந்த கோடுகள். முழுக்கோடுகள் உள்ள பக்கத்திலிருந்து வருபவருக்கு அது மதில். விட்ட கோடுகள் உள்ள பக்கத்திலிருந்து, அதாவது ஓடுபாதையிலிருந்து வெளியேறுபவருக்கு, அது வாயில். வெளியேறும் விமானி இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: தன் மூக்கு கோட்டைத் தாண்டியதும் வெளியே வந்துவிட்டதாக எண்ணி நின்றுவிட்டால், வால் இன்னும் ஓடுபாதையின் எல்லைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும்; விமானத்தின் கடைசி அங்குலமும் கோட்டைக் கடந்த பிறகே ஓடுபாதை காலியாயிற்று என்று கொள்ளப்படும்.

ஓடுபாதைகளின் பெயர்களோ எண்கள். பாதை எந்தக் காந்தத் திசையை நோக்குகிறதோ அந்தப் பாகையைப் பத்தால் வகுத்து, அருகிலுள்ள முழு எண்ணால் அதை அழைக்கிறார்கள். 220 பாகையை நோக்கினால் 22, 260 பாகையை நோக்கினால் 26. பூமியின் காந்தத் துருவம் ஓரிடத்தில் நிலைத்து நில்லாமல் மெல்ல நகர்ந்துகொண்டிருப்பதால், சில விமான நிலையங்கள் தங்கள் எண்களையே மாற்றி எழுத நேரிட்டிருக்கிறது. இங்கிலாந்தின் ஸ்டான்ஸ்டெட் நிலையத்தில் 23 என்று வழங்கிய ஓடுபாதை 2009இல் 22 ஆயிற்று. எண் வெறும் பெயர் மட்டுமன்று. விமானியின் கண்முன்னே உள்ள திசைகாட்டியோடு ஒப்பிட்டுப் பார்க்கக்கூடிய சாட்சியும் ஆகும். அந்தச் சாட்சியைக் கேளாமல் விட்டதன் விளைவை, அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டன் நகரில் 2006 ஆகஸ்டு 27 அன்று கண்டார்கள். விடியலுக்கு முந்தைய இருளில் புறப்பட்ட ஒரு பிரயாணி விமானம், 7,003 அடி நீளமுள்ள 22ஆம் எண் ஓடுபாதைக்குச் செல்ல வேண்டியிருக்க, அதற்கு முன்னதாகவே குறுக்கிட்டதும் 3,500 அடி மட்டுமே நீளமுள்ளதுமான 26ஆம் எண் ஓடுபாதையில் திரும்பி ஓடத் தொடங்கியது. நிலையத்தில் நடந்த கட்டுமான வேலையினால் டாக்ஸிவேயின் வழி சற்று மாறியிருந்தது. ஓடுபாதையில் விளக்குகள் எரியாததைத் துணை விமானி கவனித்துச் சொல்லவும் செய்தார். ஆனால் திசைகாட்டியில் நாற்பது பாகை வித்தியாசம் தெரிந்துகொண்டிருந்ததை இருவரும் கருதவில்லை. விமானத்தில் இருந்த 50 பேரில் 49 பேர் உயிரிழந்தனர். ஓடுபாதையில் ஏறியதும் பாதையின் எண்ணையும் திசைகாட்டியின் எண்ணையும் வாய்விட்டுச் சொல்லி ஒப்பிட இரண்டு விநாடி போதும்.

அறிமுகமில்லாத நிலையத்துக்குச் செல்லும் விமானி தன் தரைவழிப் பிரயாணத்தைத் தரையில் தொடங்குவதில்லை; புறப்படுவதற்கு முன்பே, தன் வீட்டு மேசையின் மேல் தொடங்கிவிடுகிறார். நிலையத்தின் வரைபடத்தை விரித்து, எந்த ஓடுபாதையில் இறங்க நேரிடும், எந்தப் பக்கம் விலக வேண்டியிருக்கும், சிறு விமானங்கள் நிற்கும் தளம் எங்கே, அதுவரையில் எத்தனை ஓடுபாதைகள் குறுக்கிடுகின்றன என்பதையெல்லாம் விரலால் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார். எந்தச் சந்திப்பில் முன்பு விமானிகள் வழி தவறியிருக்கிறார்களோ, அல்லது தவறக்கூடுமோ, அந்த இடங்களை வட்டமிட்டு வரைபடத்திலேயே அச்சிட்டிருப்பார்கள். பிறருடைய பிழையினால் விளைந்த அந்த எச்சரிக்கைகள், அனுபவம் விலையின்றிக் கிடைக்கும் இடங்கள். மூடப்பட்டிருக்கும் பாதைகளையும் பழுதான விளக்குகளையும் பற்றிய அன்றைய அறிவிப்புகளைப் படித்துக்கொள்வதும் இந்த ஆயத்தத்தைச் சேர்ந்ததே.

பிறகு கோபுரத்தின் குரல் வருகிறது. கட்டுப்பாட்டு அதிகாரி சொல்லும் வழியை எழுதிக்கொண்டு, எழுதியதைத் திருப்பிச் சொல்லி, சொன்னதை வரைபடத்தில் கண்டு, அதன் பிறகே பிரேக்கை விடுவது நல்ல விமானியின் கிரமம். திருப்பிச் சொல்வது வெறும் மரியாதைச் சடங்கு அன்று. காதில் விழுந்ததும் வாயிலிருந்து வந்ததும் ஒன்றுதானா என்று இரு தரப்பினரும் உரசிப் பார்க்கும் உரைகல் அது. டெனெரீஃப் விபத்துக்குப் பிறகு, மேலெழுதலைக் குறிக்கும் சொல்லை, மேலெழ அனுமதி அளிக்கும்போதோ அதனை ரத்துச் செய்யும்போதோ அன்றி வேறெப்போதும் வானொலியில் உச்சரிக்கலாகாது என்று விதி செய்தார்கள். அமெரிக்காவில் 2010 ஜூன் 30 முதல், வழியில் குறுக்கிடும் ஒவ்வோர் ஓடுபாதையையும் கடக்கத் தனித்தனியே அனுமதி பெற வேண்டும் என்று ஏற்பட்டது; அதற்கு முன்பு, இன்ன இடத்துக்குச் செல் என்று சொன்னாலே இடையிலுள்ளவற்றைக் கடக்கவும் அனுமதி கிடைத்ததாகக் கொண்டார்கள்.

இத்தனை அடையாளங்களும் விதிகளும் இருந்தும் ஒரு விமானி எவ்வாறு வழி தவறுகிறார் என்று வாசகர் கேட்கலாம். அதற்கு விடையாக, இத்தாலியின் மிலான் நகரிலுள்ள லினாத்தே விமான நிலையத்தில் 2001 அக்டோபர் 8 அன்று காலையில் நடந்ததைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

அன்று நிலையம் முழுவதும் அடர்ந்த மூடுபனி. மேற்குத் தளத்தில் நின்ற ஒரு சிறு செஸ்னா ஜெட் விமானம் நான்கு பேரைச் சுமந்துகொண்டு பாரிஸ் நகருக்குப் புறப்பட ஆயத்தமாயிற்று. அன்று அதிகாலையில்தான் அது ஜெர்மனியின் கொலோனிலிருந்து வந்து இறங்கியிருந்தது. மேற்குத் தளத்திலிருந்து இரண்டு பாதைகள் பிரிந்தன. ஆர் 5 என்னும் பாதை வடக்கே திரும்பி, ஓடுபாதையின் முனைக்கு அப்பால் சுற்றிக்கொண்டு பிரதான தளத்தை அடைவது. ஆர் 6 என்னும் பாதை தென்கிழக்கே சென்று ஓடுபாதையையே குறுக்கிடுவது. வடக்கே ஆர் 5 வழியாகச் சென்று, பிரதான ஓடுபாதையின் நீட்சிக்கு முன்னுள்ள நிறுத்துகோட்டில் அழைக்குமாறு அதிகாரி உத்தரவிட்டார். விமானி அதைத் திருப்பிச் சொன்னார். ஆர் 5 என்றும் சொன்னார். ஆனால் 'வடக்கு' என்ற சொல்லும் 'நீட்சி' என்ற சொல்லும் அவர் வாயில் வரவில்லை, அவை வராததை எவரும் திருத்தவும் இல்லை. இரண்டு பாதைகளும் பிரியும் இடத்தில் தரை அடையாளங்கள் மங்கி, மூடுபனியில் கண்டறிய அரிதாக இருந்தன. இருக்க வேண்டிய பலகைகள் சில இருக்கவே இல்லை. விமானம் ஆர் 6 வழியே திரும்பிவிட்டது.

இந்த இடத்தில்தான் அந்தத் துயரக் கதையின் மர்ம ஸ்தானம் இருக்கிறது. பனியினூடே ஊர்ந்து செல்லும் விமானி, தரையில் எஸ் 4 என்று எழுதியிருப்பதைக் கண்டு, தாம் எஸ் 4ஐ நெருங்குவதாக உள்ளபடியே கோபுரத்துக்கு அறிவித்தார். அதிகாரி, அவர் இருக்கும் இடத்தை உறுதி செய்யும்படி கேட்டார். ஓடுபாதையை நெருங்குவதாகவும், எஸ் 4இல் இருப்பதாகவும் மறுபடியும் விடை வந்தது. அந்த அடையாளமோ அதிகாரபூர்வமான எந்த வரைபடத்திலும் இல்லை; கோபுரத்தில் இருந்தவர்களும் அதை அறியார்கள். அந்தச் சொல் அதிகாரியின் செவியில் விழுந்தும், அதற்குரிய இடம் அவருடைய மனத்தில் இல்லை. விமானம் ஆர் 5இல் இருப்பதாகவே எண்ணி, அவர் தொடர்ந்து செல்ல அனுமதி அளித்தார். தரையில் நகரும் விமானங்களைக் காட்டும் ரேடார் அந்நாளில் சேவையில் இல்லை; பழையது நின்றுபோயிருந்தது, புதியது இன்னும் இயங்கத் தொடங்கவில்லை. அனுமதி கிடைத்துவிட்டது என்ற நிச்சயத்தில், செஸ்னா நிறுத்துகோட்டையும் அதன் விளக்குகளையும் தாண்டி ஓடுபாதையில் ஏறிற்று. அதே கணத்தில், 110 பேருடன் கோபன்ஹேகனுக்குப் புறப்பட்ட எம்டி 87 விமானம் மணிக்கு ஏறத்தாழ 270 கிலோமீட்டர் வேகத்தில் அங்கே வந்து மோதியது. இரு விமானங்களில் இருந்த அனைவரும், எம்டி 87 சென்று மோதிய சாமான்கள் பிரிக்கும் கட்டடத்தில் வேலை செய்துகொண்டிருந்த நால்வரும் ஆக 118 பேர் மாண்டார்கள். நிலையத்துக்கு அருகிலுள்ள பூங்காவில் ஆளுக்கொன்றாக 118 பீச் மரங்களை நட்டிருக்கிறார்கள்.

யாரை நோவது? விமானி பொய் சொல்லவில்லை. அதிகாரி கேளாமல் இருக்கவில்லை. மங்கிய வர்ணமும் இல்லாத பலகையும் நின்றுபோன ரேடாரும் பனியும் ஆகிய பல காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன என்பதும், அவற்றைச் சீர்செய்யும் பொறுப்பு ஸ்தாபனங்களுடையது என்பதும் உண்மையே. ஆயினும், எல்லாக் காரணங்களுக்கும் பின்னர், எஸ் 4 என்ற சொல் வானொலியில் ஒலித்து முடிந்தபோது, விபத்து இன்னும் நிகழ்ந்துவிடவில்லை. 'எஸ் 4 என்பது எது? தெரியும் வரையில் அசையாதே' என்று கோபுரத்திலிருந்து ஒரு வாக்கியம் வந்திருந்தாலும், 'என் வரைபடத்தில் இல்லாத ஓர் அடையாளத்தின் முன் நிற்கிறேன்' என்று விமானியறையிலிருந்து ஒரு வாக்கியம் போயிருந்தாலும், அன்றைய காலைப் பிரயாணம் தாமதத்தோடு முடிந்திருக்கும். கேள்வி பிறந்தது, ஆனால் விடை தெளியும்வரை அது பின்தொடரப்படவில்லை.

வானத்தில் இருக்கும் விமானத்துக்கு இல்லாத ஒரு பாக்கியம் தரையிலுள்ள விமானத்துக்கு உண்டு. மேலே, வழி தெரியாத விமானியும் மணிக்கு நூறு மைல் வேகத்தில் எங்கோ சென்றுகொண்டே இருக்க வேண்டும், நின்றால் விழுவான். கீழேயோ, சந்தேகம் தோன்றிய கணத்திலேயே இரண்டு பாதங்களையும் அழுத்தி நின்றுவிடலாம். இவ்வளவு எளிய பரிகாரம் கையருகே, அல்ல காலடியிலேயே, இருந்தும் மனிதர் அதைப் பயன்படுத்தத் தயங்குவது ஏன்? அந்த வானொலி அலையில் தன் குரலை வேறு பல விமானிகளும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பின்னால் ஒரு பெரிய விமானம் காத்து நிற்கிறது. அதிகாரியின் குரலோ அவசரமாக ஒலிக்கிறது. இந்நிலையில், எனக்கு வழி தெரியவில்லை என்று சொல்ல நாணமாக இருக்கிறது. அயலூரில் வழி கேட்கக் கூசி, இரண்டு தெரு சுற்றி அலைபவர் நம்மிலும் உண்டு. அவர் இழப்பது அரை நாழிகைப் பொழுது. ஓடுபாதைகளின் நடுவே அதே கூச்சத்துக்குக் கொடுக்கும் விலை வேறு.

ஆகையால், அனுபவம் வாய்ந்த ஆசிரியர்கள் தம் மாணவருக்குக் கற்பிக்கும் கிரமம் இது. புதிய நிலையத்தில் இறங்கியதும் வேகம் தணிந்து, முதலில் கண்ட வழியில் விலகி, நான்கு மஞ்சள் கோடுகளையும் வால் உட்பட முழுமையாகக் கடந்து, அங்கே நிற்க வேண்டும். இறங்கிய பிறகு செய்ய வேண்டிய வேலைகளை நின்றபடியே செய்ய வேண்டும். நகர்ந்துகொண்டே விசைகளைத் தேடிக் குனியும் தலை, பலகைகளைப் பார்ப்பதில்லை. பிறகு வானொலியில், தனக்கு இந்நிலையம் பழக்கமில்லை என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லி, ஒவ்வொரு திருப்பமாக வழி கூறும்படி வேண்டிக்கொள்ள வேண்டும். அவ்வாறு கேட்பதற்கு விமானிக்கு உரிமை உண்டு. கேட்டவருக்கு, அடுத்த சந்திப்பில் இடப்புறம், அதற்கடுத்து வலப்புறம் என்று கண்ணில்லாதவனைக் கைபிடித்து நடத்துவதுபோல அதிகாரிகள் வழி சொல்வதும் உண்டு. நெடுந்தூரத்திலிருந்து வந்து, எந்த மேகத்துக்கும் காற்றுக்கும் கலங்காமல் விமானத்தைப் பத்திரமாக இறக்கிய அந்த மனிதர், கறுப்புப் பலகையிலுள்ள மஞ்சள் எழுத்தைப் படித்து, வரைபடத்தில் அதே எழுத்தின் மேல் விரலை வைத்து, இரண்டும் ஒன்றே என்று கண்ட பிறகு பிரேக்கிலிருந்து பாதத்தை எடுக்கிறார். விமானம் நடைவேகத்தில் நகர்கிறது.